வினைமுற்றோடு ஒரு பெயர்

பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் புரட்டும் கிறிஸ்தவப் பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் யோவானுக்கு எதிரே "கடவுளின் கொடை" என்று போட்டிருக்கும். ஞானஸ்நான அழைப்பிதழிலும் அதையே அச்சடித்துவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் கொடை என்ற சொல்லே கிடையாது. கொடை இருப்பது யோனத்தானில். எபிரெயத்தில் இவை வேறு வேறு பெயர்கள், வேறு வேறு வேர்கள். ஆங்கிலத்தில்கூட ஒன்றை மௌனமான ஓர் எழுத்தோடும் (John), மற்றதன் சுருக்கத்தை அந்த எழுத்து இல்லாமலும் (Jon) எழுதிப் பிரித்துவைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டையும் ஜான் என்று எழுதினோம். அங்கேதான் இரண்டின் பொருளும் ஒன்றோடொன்று கலந்தது.

பிழை அதோடு நின்றால் திருத்திவிட்டுப் போகலாம். பெயர் என்றாலே அது பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்ற நம்முடைய எதிர்பார்ப்பில்தான் சிக்கல் இருக்கிறது. கயல்விழி என்றால் பிள்ளையின் கண், அறிவழகன் என்றால் பிள்ளையின் அறிவு. எபிரெயப் பெயர்களில் பெரும்பகுதி அப்படி இயங்குவதில்லை. யோவானின் எபிரெய மூலமான யோகனான் (யோஹனான் என்றும் எழுதலாம்) பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. அது ஒரு முழு வாக்கியம். எழுவாய் கடவுள், பயனிலை இறந்தகால வினைமுற்று. "யாவே அருளினார்", அவ்வளவுதான். யாருக்கு, எதை என்பதெல்லாம் அதில் இல்லை. பிள்ளை அந்த வாக்கியத்தைச் சுமந்து திரிகிறது.

நமக்கு இது அடியோடு அந்நியமும் இல்லை. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் வைத்தார்களே, அந்தப் பெயர்கள் குழந்தையை வருணிக்கவில்லை. பெற்றவர்கள் மேலே பார்த்துச் சொன்னதைக் குழந்தையின் தலையில் ஒட்டிவைத்தன. ராகேல் தன் மூத்த பிள்ளைக்கு யோசேப்பு என்று வைத்தபோது செய்தது இதே வேலைதான், எதிர்த்திசையில். யோசேப்பு என்றால் "இன்னும் கூட்டித் தரட்டும்". ஒருவன் பிறந்து தொட்டிலில் கிடக்கிறான், அவன் பெயரோ அடுத்தவனைக் கேட்கிறது.

அறுத்துப் பார்க்கும் விதம்

எபிரெயப் பெயர் ஒன்றைப் பிரிக்க முதலில் அதில் கடவுளின் பெயர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னால் வந்தால் யெஹோ அல்லது யோ. பின்னால் வந்தால் யாஹு அல்லது யா. இவை நான்கெழுத்துத் திருப்பெயரின் சுருக்கங்கள். ஏல் என்று வந்தால் பொதுவாகக் கடவுள். இந்தத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தில் மூன்று மெய்யெழுத்துகளைத் தேட வேண்டும்; வேர்ச்சொல் அதுதான். உயிரொலிகளை இப்போதைக்கு மறந்துவிடலாம். யோஹனானில் யோ போனால் மிச்சம் ஹேத், நூன், நூன் என்ற எபிரெய எழுத்துகள். யோனத்தானில் யோ போனால் நூன், தாவ், நூன். முதலாவது ஹனன், "அருளினார்". இரண்டாவது நதன், "கொடுத்தார்". ஆகவே கொடை என்ற பொருள் யோனத்தான், நாத்தான், நாத்தான்வேல் ஆகிய பெயர்களுக்கு உரியது. மத்தேயுவின் மூலமான மத்தித்யாஹுவுக்கும் உரியது. யோவானுக்கு அதில் பங்கில்லை.

அடுத்தது வினையின் வடிவம். பட்டியல் போடுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. யோசேப்பு, ஈசாக்கு (எபிரெயத்தில் யிட்ஸ்ஹாக்) போன்ற பெயர்களின் தொடக்கத்தில் வரும் யகரம், செயல் இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம். தரட்டும், சிரிப்பான் என்ற தொனி. ஹனன், நதன் இரண்டும் முடிந்த செயல். யோசேப்பு ஒரு விண்ணப்பம் என்றால் யோகனான் ஒரு ரசீது. "கடவுள் கிருபையுள்ளவர்" என்று சிலர் தரும் பொருள் கொடையைவிடக் கிட்டத்தில் இருந்தாலும், அது கடவுளின் குணத்தைச் சொல்கிறது. பெயர் சொல்வது குணத்தை அல்ல, நடந்து முடிந்த ஒன்றை.

இந்த முறையில் சறுக்கும் இடங்களும் உண்டு. யோ என்று தொடங்கும் எல்லாவற்றிலும் கடவுள் பெயர் இருக்காது. யோனா என்றால் வெறும் புறா. யோபு வேறு கணக்கு. யோசேப்பின் யோ, கூட்டுதல் என்ற வினையின் பகுதி. யோவேலில் இருப்பது திருப்பெயர்தான்: யாவே, ஏல், இரண்டும் சேர்ந்து "யாவே கடவுள்". யாழ்ப்பாணத்து யோகன் பெரும்பாலும் யோகநாதனின் அல்லது யோகேஸ்வரனின் சுருக்கம். அவரை இந்த வம்சத்தில் சேர்த்துவிடக் கூடாது.

ஹேத், நூன், நூன்

ஹனன் என்ற வினை மேலிருந்து கீழே பாய்வது. சமமான இருவருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அது உதவாது. அரசன் குடிமகனுக்கு, எஜமான் வேலைக்காரனுக்கு, கடவுள் மனிதனுக்கு என்று போகும் சொல். இதன் பெயர்ச்சொல் ஹேன். நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது என்று ஆதியாகமம் சொல்லும்போது கிருபைக்கு மூலத்தில் நிற்பது இந்த ஹேன்தான். நோவாவின் பெயரில் இருப்பது நூன், ஹேத் என்ற இரண்டே எழுத்து. அதைத் திருப்பி வாசித்தால் ஹேத், நூன், அதாவது ஹேன். மூலத்தைப் படிக்கிறவர் கண்ணில் இது உடனே படும். மொழிபெயர்ப்பில் தடயமே இருக்காது.

இதே வேரில் ஹின்னாம் என்றொரு சொல் உண்டு. காசில்லாமல், சும்மா, காரணமில்லாமல் என்று பொருள். யோபு சும்மாவா கடவுளுக்குப் பயப்படுகிறான் என்று சாத்தான் கேட்கும் இடத்தில் வருவது இது. இன்றைய இஸ்ரேலில் இலவசம் என்று சொல்வதும் இதே சொல்லால்தான். மன்றாட்டுக்குத் தெஹின்னா. சிறைக் கைதிக்கு நாட்டின் அதிபர் அளிக்கும் மன்னிப்புக்கு ஹனினா. விலையில்லாமல் தருவது, தரச்சொல்லிக் கெஞ்சுவது, தண்டனையைத் தள்ளிவிடுவது என்று மூன்றும் ஒரே வேரில் வளர்ந்திருப்பதைப் பார்த்தால், "கொடை" என்ற சொல் எவ்வளவு ஒல்லியானது என்று புரியும்.

வேரைப் பிடித்துவிட்டால் குடும்பமே வந்து நிற்கிறது. சாமுவேலின் தாய் அன்னாள், எபிரெயத்தில் ஹன்னா. இரண்டு துண்டையும் இடம் மாற்றினால் ஹனன்யா, தமிழ் வேதாகமத்தின் அனனியா. யோகனானும் அனனியாவும் சொல்வது ஒரே வாக்கியம், சொல் வரிசைதான் வேறு. தானியேலின் தோழன் அனனியாவுக்குப் பாபிலோன் அரண்மனையில் சாத்ராக் என்று பெயர் மாற்றியபோது உருவப்பட்டது அந்த வாக்கியம். ஏல் சேர்த்தால் எல்ஹனான். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த உறவுக்காரர், கி.மு. 218இல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய கார்த்தேஜ் தளபதி ஹானிபல். கார்த்தேஜின் பியூனிக் மொழி எபிரெயத்துக்குச் சகோதரி. அதே ஹேத், நூன், நூன் வேர். கடவுள் மட்டும் பாகால். அருள் அதே அருள்தான், அருளியவர் யார் என்பதில்தான் சண்டை. எழுவாயை விட்டுவிட்டுப் பொருள் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எட்டாம் நாள்

யோகனான் என்பது அபூர்வமான பெயர் அல்ல. எருசலேம் விழுந்தபின் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோன படைத்தலைவன், கரேயாவின் மகன் யோகனான். நைல் நதியின் எலிபன்டைன் தீவில் இருந்த யூதர்கள், இடிக்கப்பட்ட தங்கள் கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு கி.மு. 407இல் எழுதிய மனுவில், எருசலேமின் பிரதான ஆசாரியன் யெஹோஹனானுக்கு முன்பே எழுதியும் பதில் வரவில்லை என்று குறைபட்டிருக்கிறார்கள். பிறகு, அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த யூதக் குடும்பமான மக்கபேயரின் காலம். அந்தச் சகோதரர்கள் ஐவரில் மூத்தவன் யோகனான். அவர்கள் வழியில் வந்த யோவான் ஹிர்கானுஸ் (கி.மு. 134 முதல் 104 வரை ஆண்டவர்) அடித்த சிறு வெண்கலக் காசுகளில் "யெஹோஹனான், பிரதான ஆசாரியன்" என்று பழைய எபிரெய எழுத்தில் பொறித்திருக்கிறது. ஆட்சி கிடைத்த குடும்பத்தின் பெயர்களை ஊரார் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கும் உள்ளதுதான். முதல் நூற்றாண்டு யூதேயாவில் ஆண்களிடையே மிகவும் புழங்கிய ஐந்து பெயர்களில் யோகனானும் ஒன்று. சீமோன், யோசேப்பு, எலெயாசார், யூதா மற்றவை.

இவ்வளவு சாதாரணமான பெயர், லூக்கா முதல் அதிகாரத்தில் ஒரு வீட்டையே கலவரப்படுத்துகிறது. விருத்தசேதனத்துக்காக எட்டாம் நாள் உறவும் அயலாரும் கூடியிருக்கிறார்கள். அப்பன் பெயரையே வைத்துச் சகரியா என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். தாய் எலிசபெத்து குறுக்கிட்டு, இல்லை, யோவான் என்கிறாள். உன் உறவுமுறையில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்கிறார்கள். தாய் சொன்னது போதவில்லை. தகப்பனிடம் சைகையில் கேட்கிறார்கள். அவர் மாதக்கணக்காகப் பேச்சிழந்தவர். எழுத்துப் பலகை கேட்கிறார். அது மெழுகு பூசிய சின்ன மரப்பலகையாக இருந்திருக்கும், கூர்முனைக் கோலால் கீறுவது. இவன் பெயர் யோவான் என்று எழுதுகிறார், நாவு அவிழ்கிறது.

நம்மிடம் உள்ள மூலம் கிரேக்கம். அவர் எபிரெயத்தில் எழுதியிருந்தால் பலகையில் இரண்டே சொல் போதும்: யோஹனான் ஷெமோ. எபிரெயத்துக்கு, தமிழைப் போலவே, இடையில் "ஆக இருக்கிறது" என்ற வினை வேண்டாம். எண்ணிப் பார்த்தால் எட்டு எழுத்து. அந்த எட்டெழுத்துக்குள் வாக்கியத்துக்குள் வாக்கியமாக "யாவே அருளினார், இவன் பெயர்" என்று இருக்கிறது. உறவுக்காரர்கள் அதைப் பெயராகத்தான் வாசித்திருப்பார்கள். குடும்ப மரபுக்கு ஒத்துவருமா வராதா என்பதுதான் அவர்கள் கவலை. எழுதியவரோ பிள்ளை இல்லாமலே முதுமை எய்திய ஆசாரியர், வினைமுற்றைத் தெரிந்தே எழுதினார். அருளட்டும் என்று இல்லை, அருளினார் என்று. "கடவுளின் கொடை" என்று பொருள் போட்டால் இந்தக் காட்சியில் பிள்ளை பரிசுப் பொருளாகிவிடுகிறது. பலகையில் உள்ள வாக்கியத்தில் பிள்ளையே இல்லை.

அதற்கு அப்புறம் சகரியா பாடும் பாட்டில் மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன: இரக்கம், நினைவுகூர்தல், ஆணை. சகரியா என்றால் "யாவே நினைவுகூர்ந்தார்". எலிசபெத்து, எபிரெயத்தில் எலிஷேவா, "என் கடவுள் ஆணை" என்று பிரியும். மூன்றாவது யோவான். அப்பன், அம்மா, பிள்ளை மூவர் பெயரும் பாட்டுக்குள் மறைந்திருக்கின்றன என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இரக்கத்துக்கு வரும் கிரேக்கப் பெயர்ச்சொல் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் ஹெசெத் என்ற வேறொரு சொல்லுக்கு நிகராக நிற்பது என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அதன் வினை வடிவத்தைச் சங்கீதங்களில் ஹனனுக்கு நிகராகப் பலமுறை போட்டிருக்கிறார்கள். "எனக்கு இரங்கும்" என்ற மன்றாட்டின் அடியில் இருப்பது ஹனன்தான். என் சாய்வு, இது தெரிந்தே செய்தது என்ற பக்கம். ஒரு பெயர் தற்செயலாகப் பொருந்தலாம். மூன்றும் வரிசையாக வந்து உட்காருமா?

குர்ஆனும் இந்தப் பிறப்பைச் சொல்கிறது. மர்யம் அத்தியாயத்தில் இந்தப் பிள்ளையின் பெயர் யஹ்யா. இதற்குமுன் இப்பெயருடையவரை நாம் ஆக்கவில்லை என்கிறது ஏழாம் வசனம். யஹ்யா என்ற அரபுப் பெயர் வாழ்தல் என்ற வேரோடு ஒலியால் இணைகிறது, ஹனனோடு அல்ல. ஆனால் பதின்மூன்றாம் வசனத்தில் அவருக்கு நம்மிடமிருந்து ஹனான் அளித்தோம் என்று வருகிறது. கனிவு, பரிவு என்று மொழிபெயர்க்கப்படும் அந்த அரபுச் சொல் எபிரெய ஹனனின் உடன்பிறப்பு. பெயரிலிருந்து போன சொல் வசனத்துக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

தொலைந்த ஓர் ஒலி

ஹேத் என்பது தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. நம் ஹகரத்தைவிட ஆழம்; இன்றைய இஸ்ரேலியர் பலர் அதைக் காறும் ககரம் போல உச்சரிக்கிறார்கள். கிரேக்கத்தில் சொல்லின் நடுவே இதற்கு எழுத்து இல்லை. எனவே யோஹனான் அங்கே போனதும் நடு ஒலி விழுந்து இயோவான்னேஸ் ஆனது. லத்தீன் எழுத்தர்கள் பிற்காலத்தில் ஒரு ஹகரத்தை உள்ளே செருகினார்கள். ஆங்கில ஜானில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் எழுத்து அதன் மிச்சம். ஹுவான், ஜோவான்னி, இவான், ஷான், ஹான்ஸ் எல்லாம் அந்தக் கிரேக்க வழியில் வந்தவை. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தைத் தொடாமல் சுரியானி வழியாக வாங்கியதால் யோஹன்னான் என்று ஹேத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். உலஹன்னானும் லோனப்பனும் அதன் வீட்டுப் பெயர்கள்.

தமிழ் வேதாகமத்தில் வேடிக்கை இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் யோகனான், புதிய ஏற்பாட்டில் யோவான். ஒரே பெயர், ஒரே அட்டைக்குள் இரண்டு ஆளாக நிற்கிறது. முன்னது எபிரெயத்திலிருந்து, பின்னது கிரேக்கத்திலிருந்து. இயேசுவும் யோசுவாவும் இப்படித்தான். யோகனானில் ககரம் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு உயிருக்கு நடுவே தமிழ்க் ககரம் மெலிந்து ஹகரத்தின் பக்கம் போவதால், ஹேத்துக்கு நம் முப்பது எழுத்துக்குள் அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. யோவானில் வகரம் எங்கிருந்து வந்தது? ஹேத் விழுந்த இடத்தில் ஓகாரமும் ஆகாரமும் முட்டிக்கொண்டன. இ, ஈ, ஐ தவிர்த்த உயிருக்குப் பின் வகர உடம்படுமெய் என்பது நம் இலக்கணம். கிரேக்கத்தில் விழுந்த ஓட்டையைத் தமிழ்ப் புணர்ச்சி விதி அடைத்திருக்கிறது.

கத்தோலிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்து அருளப்பர் என்றார்கள். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள் பார்த்துச் சின்னப்பர் என்றது போல. 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட போர்த்துகீசியர் ஜான் டி பிரிட்டோ இங்கே அருளானந்தர். முதல் பாதியில் இருப்பது அதே பொருள். ஹனனுக்கு அருள் என்று பிடித்தவர் இரு மொழியும் ஊறியவராகத்தான் இருக்க வேண்டும். கிருபை, தயை, இரக்கம் எல்லாம் பெயர்ச்சொல்லாக நின்றுவிடும். "செய்தார்" என்று துணைவினை கேட்கும். அருள் தானே பெயரும் வினையும். மேலிருந்து கீழே பாய்வதும் விலை இல்லாததும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எழுவாய் மட்டும் போய்விட்டது. அப்பர் மரியாதை ஒட்டு, கடவுள் அல்ல. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், சபைகளுக்குப் பொதுவாக யோவான் என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது. காரணம் புரிகிறது. இருந்தாலும் கோயில்களிலும் பெரியவர்களின் பெயர்களிலும் மட்டும் அருளப்பர் ஒதுங்கிப்போனதில் எனக்கு வருத்தம்தான்.

எபிரெயத்தில் எழுதுகிறவர்களுக்கு

சட்டம் போட்டு மாட்டவும், மோதிரத்தில் பொறிக்கவும், பச்சை குத்தவும் இந்தப் பெயரை எபிரெய எழுத்தில் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். யோஹனான் ஐந்தெழுத்து: யோத், வாவ், ஹேத், நூன், கடைசி நூன். வலமிருந்து இடம். சொல்லின் இறுதியில் வரும் நூனுக்குத் தனி வடிவம். கோட்டுக்குக் கீழே நேராக இறங்கும். வலமிருந்து எழுதத் தெரியாத மென்பொருளில் ஒட்டும்போது வரிசை தலைகீழாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, அந்த நீண்ட நூன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது. அது இடது ஓரத்தில் இருக்க வேண்டும். வலது ஓரத்தில் இருந்தால் பட்டறைக்குத் திருப்பி அனுப்பலாம். அடுத்த ஆபத்து ஹேத்துக்குப் பதில் ஹே. இரண்டும் மூன்று பக்கம் மூடிய வாசல் போல இருக்கும்; ஹேயின் இடது கால் மேல் கட்டையைத் தொடாது, ஹேத்தில் தொடும். ஒரு மயிரிழை இடைவெளியில் வேரே மாறிவிடுகிறது. இரட்டை நூனில் ஒன்றைச் சிக்கனம் செய்வதும் நடக்கிறது. நீள வடிவமான யெஹோஹனானுக்கு ஆறெழுத்து. ஹே, ஹேத் இரண்டும் அதில் வரும் என்பதால் எழுதுபவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அழைப்பிதழில் பொருள் போடுகிறவர்கள் "ஆண்டவர் அருளினார்" என்று போடட்டும்.

அந்த ஆறெழுத்தைக் கையால் கீறிய ஒரு கல்பெட்டி இருக்கிறது. 1968இல் எருசலேமின் வடகிழக்கே கிவ்அத் ஹாமிவ்தாரில் கட்டுமான வேலையின்போது வெளிப்பட்ட குகைக் கல்லறைகளை வாசிலியோஸ் ட்சஃபேரிஸ் அகழ்ந்தார். முதல் நூற்றாண்டு வழக்கப்படி சதை உதிர்ந்தபின் எலும்புகளைச் சேர்த்து வைத்த பெட்டிகள். ஒன்றில் இருபதுகளில் இறந்த ஒருவனின் எலும்புகளும், கூடவே ஒரு சின்னப் பிள்ளையின் எலும்புகளும். அவனுடைய வலது குதிகால் எலும்பில் 11.5 சென்டிமீட்டர் நீள இரும்பாணி அப்படியே பாய்ந்திருந்தது. சிலுவையில் அறைந்தபோது ஆணியின் முனை வளைந்துவிட்டது, மரத்தின் கணுவில் பட்டிருக்கலாம். வளைந்ததால் பிடுங்க முடியவில்லை, பிடுங்க முடியாததால் எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்திருக்கிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் பெயர். சிற்பியின் கைவேலை இல்லை, கூரான எதனாலோ உறவுக்காரர் யாரோ கீறியது. யோத், ஹே, வாவ், ஹேத், நூன், நூன். சுருக்காமல் முழுசாக எழுதியிருக்கிறார்கள்: யெஹோஹனான்.